ஓட்டாஞ்சில்லு

பாண்டுங்
6 மார்ச் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் சுகமா? மழைக்கு அம்மாவின் முழங்கால் என்ன சொல்கிறது? எனக்குச் சளியைத் தவிர ஒரு குறையும் இல்லை. சாயங்காலமானால் தெருமுனை வண்டியில் பான்ட்ரெக் குடிக்கிறேன். இஞ்சியும் வெல்லமும் கொதிக்க வைத்து, இளந்தேங்காயைச் சுரண்டிப் போட்டுத் தருகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கரண்டியால் அடியில் துழாவிப் பார்க்கிறேன், உன் கடலை உருண்டை ஏதாவது கிடக்கிறதா என்று. நம் கடை ரோன்டேயைக் குடித்து வளர்ந்தவளுக்கு உருண்டை இல்லாத இஞ்சி நீர் பாதியில் நிறுத்திய பேச்சு மாதிரி இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தேயிலை ஆலையில் சுவை பார்க்கும் சுதிஸ்னாவைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன் அல்லவா, வாய் கொப்பளிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர் என்று நீ கேலி செய்தாயே, அவரேதான். செப்டம்பரில் அவரைச் சுமாத்ராவில் ஒரு தோட்டத்துக்கு மாற்றுகிறார்கள். கல்யாணமானவர்களுக்குத்தான் அங்கே வீடு உண்டாம். ஜூலை நடுவில் தொடங்கும் பெசார் மாதத்திலேயே முடித்துவிடலாம் என்று அவர் வீட்டில் சொல்கிறார்கள். ஆகஸ்ட் நடுவில் சூரோ பிறந்துவிடும், அந்த மாதத்தில் நம் பக்கம் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. அப்புறம் அவர் போய்விடுவார். ஆக, பெசாரில் நடக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருஷம்தான்.

அக்கா, உனக்கு முன்னால் எனக்கு நடந்தால் நான் உன்னைத் தாண்டிப் போகிறவள் ஆவேன். நீ உன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும், நீ கேட்கிற பொருளை நான் கொண்டுவந்து தர வேண்டும். தங்கை தாண்டிப் போன பெண்ணுக்கு அப்புறம் வரன் வராது என்று ஊர் பேசுவதும் எனக்குத் தெரியும். நான் அதை நம்பவில்லை. ஆனால் நான் நம்பாமல் இருந்து என்ன, அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு அங்கே இருக்கப் போகிறவள் நீ. அதனால்தான் இந்தக் கடிதத்தை இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன்.

மனசில் இருப்பதை எழுது. வேண்டாம் என்றாலும் எழுது. வேண்டும் என்றால் உனக்கு என்ன பொருள் வேண்டும் என்றும் எழுது.

கடையில் உட்காரும்போது அம்மாவுக்குத் தலையில் துணி கட்டிவிடு. அவளுக்கு என் வணக்கம்.

உன் தங்கை
கினந்தி


சோலோ
2 ஏப்ரல் 1988

அன்பான கினந்திக்கு,

உன் சளி போயிருக்கும் என்று நினைக்கிறேன். அம்மாவின் முழங்கால் காலையில் முணுமுணுத்துவிட்டு மத்தியானத்தில் அடங்கிவிடுகிறது. நான் நன்றாக இருக்கிறேன்.

இந்த வருஷத்து இஞ்சி சரியில்லை. பார்க்கக் கொழுத்திருக்கிறது, நசுக்கினால் வெறும் தண்ணீர். அதனால் அடுப்பில் சுட்டுவிட்டுத் தட்டிப் போடுகிறேன். புகை வாசனையும் ஏறுகிறது, அதையே சிலர் விரும்பிக் கேட்கிறார்கள்.

மூலிகை ஜாமுப் பாட்டில்களைச் சுமந்து விற்கும் துமினா அக்கா நேற்று முதுகுக் கூடையை இறக்கியதும் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

“தங்கச்சிக்கு முடிவாயிடுச்சாமே?”

“யாரு சொன்னா?”

“என் பாட்டிலு சொல்லுச்சு. உனக்கு இன்னைக்குக் கசப்பு ஜாமுதான். குடி. ரத்தம் சுத்தமாகும், மூஞ்சி மினுங்கும், மாப்பிள்ளை தானா வந்து நிப்பான்.”

“வந்தவனுக்கு என்ன குடுக்கிறது? அவனுக்கும் கசப்பா?”

“கசப்பைக் குடிச்சு முடிச்சா ஒரு மடக்கு இனிப்பு சும்மா ஊத்துறேன்ல, அதை அவனுக்குக் குடு!”

அம்மா சிரித்த சிரிப்பில் வலி எங்கேயோ போய்விட்டது. நானும் ஒரே மூச்சில் கசப்பைக் குடித்தேன்.

எதிரே ரேடியோ பழுது பார்க்கும் விக்னியோ தன் கடையைச் சாத்திவிட்டு வழக்கம்போல வருகிறார். இஞ்சி கூடுதல், சர்க்கரை குறைவு. மற்றவர்கள் ஊதி ஊதிக் குடித்துவிட்டு எழுந்து போவார்கள். இவர் ஆறும்வரை கிண்ணத்தைக் கையிலேயே வைத்திருக்கிறார். “ஆறிப்போன ரோன்டேயில என்ன தம்பி இருக்கு?” என்று அம்மா கேட்டாள். “ஆறுற வரைக்கும் எழுந்திருன்னு சொல்ல மாட்டீங்கல்லம்மா” என்றார். மனைவி தவறிய பின் வீட்டுக்குப் போக அவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. நம் பழைய ரேடியோவைத் திறந்து துடைத்துக் கொடுத்திருக்கிறார். இப்போது செய்தி வாசிப்பவர் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் கேட்கிறது.

பான்ட்ரெக்கில் மிளகு சேர்க்கிறார்களா? தெரிந்தால் எழுது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
முர்வானி


பாண்டுங்
14 ஏப்ரல் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

மிளகு சேர்க்கிறார்கள். வண்டிக்காரரிடமே கேட்டேன். லவங்கப்பட்டையும் உண்டாம். உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். என் கேள்விக்கு?

சரி, அவசரப்படுத்தவில்லை. திங்கட்கிழமை நோன்பு தொடங்குகிறது. இங்கே நோன்பு திறக்க வாழைப்பழமும் தேங்காய்ப்பாலும் போட்ட இனிப்புக் கஞ்சி கொடுப்பார்கள். ஆனால் தேநீரில் மட்டும் சர்க்கரையைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் கேட்காமலே ஒரு தம்ளர் வெறும் தேநீரைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், காசும் கிடையாது. வந்த புதிதில் நான் எதையோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு பத்து நிமிஷம் காத்திருந்தேன்.

எங்கள் நூலகத்தில் லெபாரான் பெருநாளுக்கு நாலு நாள் லீவு. வீட்டுக்கு வருகிறேன். எழுத்தில் வராதது நேரில் வரும்.

கினந்தி


பாண்டுங்
29 மே 1988

அன்புள்ள அக்காவுக்கு,

ரயிலில் வந்த களைப்பு தீர்ந்துவிட்டது. என்னோடு வந்த அம்மா பத்திரமாகத் திரும்பி வந்து சேர்ந்திருப்பாள். முழங்காலுக்கு நான் கொடுத்த தைலத்தைத் தேய்த்துவிடு.

எனக்கு உன்மேல் கோபம். சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் சளி மாதிரி தங்கிவிடும். நாலு நாள் வீட்டில் இருந்தேன். நீ எனக்கு ரோன்டே கொடுத்தாய், தேங்காய்ப்பால் தாவெத் கொடுத்தாய், புளியும் மஞ்சளும் போட்ட ஜாமு கொடுத்தாய், வெள்ளரிக்காய்ச் சீவலில் பனிக்கட்டி போட்டுக் கொடுத்தாய். நான் பேச வாயைத் திறந்தபோதெல்லாம் அதில் ஒரு தம்ளரை வைத்து அடைத்தாய். புறப்படும்போது சோற்றுப் பொட்டலம் கட்டினாய். பதில் மட்டும் கட்டித் தரவில்லை.

இனி, அம்மா சொன்ன கதைக்கு என் பக்கத்து விளக்கம். பெருநாள் மரியாதைக்காக அம்மாவைச் சுதிஸ்னாவின் வீட்டுக்கு அழைத்துப் போனேன் அல்லவா? அவர் அம்மா, ஆலையிலிருந்து விசேஷத்துக்கென்று எடுத்துவைத்த கொழுந்துத் தேயிலையில் தேநீர் போட்டு, கண்ணாடித் தம்ளரில் கொண்டுவந்தார். அம்மா ஒரு மிடறு குடித்தாள். தட்டைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். சர்க்கரை எங்கிருந்தும் வரவில்லை.

“தேத்தண்ணி எப்படி இருக்குங்க?” என்று அவர் அம்மா ஆசையோடு கேட்டார்.

“சுத்தமா இருக்கு” என்றாள் நம் அம்மா.

அவ்வளவுதான். திரும்பும் வழியில் பஸ்ஸில் என்னிடம், “பொண்ணு எடுக்கிற வீடு விருந்தாளிக்கு ஒரு கரண்டி சர்க்கரை போட யோசிக்குது. இது நமக்குச் சொல்ற சேதிடி. வேணாம்னு வாயால சொல்ல மனசில்லாம தம்ளர்ல சொல்றாங்க” என்றாள். இங்கே எல்லோருமே அப்படித்தான் குடிப்பார்கள், நல்ல இலைக்குச் சர்க்கரை போடுவதே அவமானம் என்று எவ்வளவோ சொன்னேன். “எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, நாக்குதான் செத்துப் போச்சு” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த முடிச்சை நீதான் அவிழ்க்க வேண்டும். கூடவே உன் முடிச்சையும்.

கினந்தி


சோலோ
8 ஜூன் 1988

அன்பான கினந்திக்கு,

நாங்கள் நலம். தைலம் தேய்த்தாகிறது. வீடு முழுக்க அந்த வாசனைதான்.

அம்மா அந்தக் கதையை இதுவரை தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு முறையும் தம்ளர் சின்னதாகிக்கொண்டே வருகிறது. பெரியப்பா கேட்டுவிட்டு, “சூடா இல்ல, கெட்டியா இல்ல, இனிப்பும் இல்ல. அப்புறம் அதை எதுக்குத் தேத்தண்ணின்னு கூப்பிடுறாங்க?” என்றார். நம் கடைப் பெஞ்சிலும் ஒரு மாநாடு நடந்தது. கடைசியில் விக்னியோதான் சொன்னார், பட்டாளத்து வேலைக்கு அந்தப் பக்கம் போன மாமா ஒருவர் அவருக்கு உண்டாம். “அங்க விருந்தாளிக்கு இலையைக் காட்டுவாங்கம்மா. சர்க்கரை போட்டா மட்டமான இலையை மறைக்கிறாங்கன்னு அர்த்தம். உங்களுக்கு ரொம்ப நல்ல இலை போட்டிருக்காங்க” என்றார். அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். அப்புறம், “அத அவங்களே சொல்லியிருக்கலாம்ல” என்றாள். சமாதானம் ஆகிவிட்டாள் என்றுதான் அர்த்தம். இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் கற்கண்டு வருகிறது, உன் வருங்கால மாமியாருக்கு. நீயே கையில் கொடு.

கோபம் வேண்டாம். எனக்குப் பேச வரவில்லை, அவ்வளவுதான். சிலருக்குக் கை முந்தும்.

வேறு செய்தி இல்லை. விக்னியோ தன் மனைவி இறந்த ஆயிரமாவது நாள் படையலுக்கு வருகிறவர்களுக்கு நம் கடையிலிருந்தே இஞ்சி நீர் வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அது ஆகஸ்ட் கடைசியில், சூரோவில் வருகிறது. அதற்குள் நல்ல இஞ்சி கிடைக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

முர்வானி


பாண்டுங்
19 ஜூன் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? கற்கண்டைக் கொடுத்துவிட்டேன். அவர்கள் அதைக் கரைக்கவில்லை. பளிங்கு மாதிரி இருக்கிறது என்று கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார்கள். அம்மாவிடம் இதை மெதுவாகச் சொல்.

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை நான் நாலு தடவை படித்தேன். பிறகு இந்த இரண்டு வருஷத்துக் கடிதங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இஞ்சி, அம்மா, விக்னியோ. மழை, துமினா, விக்னியோ. எப்போதும் கடைசிப் பத்தியில், அடுப்பை அணைக்கும்போது எடுத்து வைக்கிற பாத்திரம் மாதிரி. படிப்பது தொழிலாக இருந்தும் இதைப் படிக்க எனக்கு இவ்வளவு நாளாகியிருக்கிறது.

ஆயிரமாவது நாள் முடியாமல் ஒரு நல்ல மனிதர் இன்னொரு பெண்ணிடம் வாயைத் திறக்க மாட்டார். அது சூரோவில் வருகிறது. என் கல்யாணம் அதற்கு முன்னால், பெசாரில். அவர் பேசுவதற்குள் நான் உன்னைத் தாண்டிவிடுவேன். நீ தாண்டப்பட்டவள் ஆனபின் ஊர் அவர் காதிலும் ஏதாவது ஓதும். இதுதானே அக்கா? இதற்குத்தானே எனக்கு நாலு நாளும் வாயில் தம்ளர்?

சுதிஸ்னாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, “ஒரு வருஷம் தள்ளி வைக்கலாமா?” என்று கேட்டேன். கையில் இருந்த தேநீரை முகர்ந்து பார்த்துக்கொண்டே யோசித்தார்.

“தேயிலையை ஒரு வருஷம் வச்சா வாசனை போயிடும்.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் தேயிலை இல்லன்னு சொல்றேன். தள்ளி வைக்கலாம்.”

ஆகவே நீ சம்மதம் சொல்ல வேண்டாம். நான் காத்திருக்கிறேன். சரி என்று ஒரே ஒரு வார்த்தை மட்டும் எழுது, அவர் வீட்டில் பேசிவிடுகிறோம்.

கினந்தி


பாண்டுங்
10 ஜூலை 1988

அக்கா,

அம்மாவும் நீயும் நலமா? மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நான் எழுதியது உன்னைக் காயப்படுத்திவிட்டதா? திறக்கச் சொல்லாத பெட்டியைத் திறந்துவிட்டேனா? அப்படியானால் திட்டியாவது எழுது.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் அப்பாவிடம் பேசப் போகிறோம், ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லி.

கினந்தி


சோலோ
12 ஜூலை 1988
விரைவுத் தபால்

அன்பான கினந்திக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே யாரிடமும் பேசாதே. முதலில் இதைப் படி.

உன் கடிதத்தைக் கடையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படித்தேன். படித்து முடிப்பதற்குள் இஞ்சி நீர் பாதியாக வற்றிக் காரமாகிவிட்டது. ஒருவரும் குறை சொல்லவில்லை. விக்னியோ மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு, “இன்னைக்குக் கொஞ்சம் கோவமா இருக்கே” என்றார். ரோன்டேயைத்தான் சொன்னார்.

நீ படித்தது சரிதான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். அவர் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. சொல்வாரா என்றும் எனக்குத் தெரியாது. இன்னும் சொல்லப்படாத ஒரு வார்த்தைக்காக உன் ஒரு வருஷத்தை எடுத்து வைக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. முதலில் அப்படிச் செய்யத்தான் ஆசைப்பட்டேன். உனக்குப் பதில் எழுதாமல் நாளைக் கடத்தினால் பெசார் தானாகக் கடந்துபோகும் என்று நினைத்தேன். நீயே வந்து அதைக் கையில் கொடுத்தபோதுதான் அது எவ்வளவு கனம் என்று தெரிந்தது. காத்திருப்பது என் வேலை. அதில் உனக்குப் பங்கு தர மாட்டேன்.

தாண்டிப் போ. எனக்குச் சம்மதம். மனசாரச் சொல்கிறேன்.

பொருள் கேட்கச் சொன்னாய். சேலை வேண்டாம், நகை வேண்டாம். கல்யாணத்துக்கு முந்தின நாள் சடங்கில், வந்தவர்களிடம் காசுக்குப் பதில் ஓட்டாஞ்சில்லு வாங்கிக்கொண்டு அம்மா தாவெத் விற்கும்போது அவளுக்குக் குடை பிடிக்க வேண்டும், நான். அப்பா இல்லாததால் அந்த இடம் பெரியப்பாவுக்கு என்று எல்லோரும் முடிவு செய்து வைத்திருந்தார்கள். அதைத்தான் கேட்கிறேன்.

நேற்று பெரியப்பா வந்தபோது அவரிடமும் சொன்னேன். வெடித்துவிட்டார்.

“குடை பிடிக்கிறது வீட்டு ஆம்பளை வேலை. கல்யாணம் ஆகாத பொண்ணு, அதுவும் தங்கச்சி தாண்டிப் போற பொண்ணு, ஊருக்கு நடுவுல நின்னா பாக்கிறவன் என்ன சொல்லுவான்?”

அம்மாதான் சுளகைக் கீழே வைத்தாள்.

“தினம் மழையில என் கடைக்கு இவ குடை பிடிக்கிறாளே, அப்ப எந்த ஆம்பளை வந்தீங்க?”

“அது வியாபாரம். இது சடங்கு.”

“ரெண்டுலயும் விக்கிறவ நான்தான். நனையறவளும் நான்தான். எனக்கு யார் குடை பிடிக்கணும்னு எனக்குத் தெரியாதா?”

“அப்ப நான் என்னதான் பண்றது?”

“வரிசையில வந்து வாங்கிக் குடிங்க. ஓட்டாஞ்சில்லு மறக்காம எடுத்துட்டு வாங்க. கடன் கிடையாது.”

நீ தர வேண்டிய பொருள் இதுதான். தருகிறாயா?

முர்வானி


பாண்டுங்
18 ஜூலை 1988

என் அக்காவுக்கு,

தருகிறேன். தருகிறேன். தருகிறேன்.

நூலகத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். அழுதேனா என்று கேட்காதே. சுதிஸ்னாவிடம் காட்டினேன். “உங்க அக்காவோட நாக்கு சுவை பாக்கிற நாக்கு. எது எவ்வளவுன்னு தெரியுது” என்றார். அவரிடமிருந்து வருகிற பெரிய புகழ்ச்சி இதுதான்.

குடைக்குக் கம்பி சரியாக இருக்கிறதா என்று பார். ஆகஸ்ட் வெயில். அம்மாவின் தலையில் விழக்கூடாது.

உன் தங்கை
கினந்தி


சோலோ
13 ஆகஸ்ட் 1988

அன்பான கினந்திக்கு,

நீங்கள் இருவரும் நல்லபடியாகப் பாண்டுங் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. புது வீட்டு மனிதர்கள் எல்லோருக்கும் எங்கள் வணக்கம். இங்கே வாசல் தோரணத்து வாழை வாடிவிட்டது. அம்மா இன்னும் அதை எடுக்க விடவில்லை.

தாவெத் விற்றபோது மணப்பெண்ணை உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள், நீ பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பெரிய மண்பானை இரண்டு. ஒன்றில் தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும், இன்னொன்றில் பாண்டன் இலைச் சாற்றில் மாவு பிசைந்து பிழிந்த பச்சைத் துளிகள். அம்மா பச்சைச் சேலையில், தோளில் மடித்த துணியோடு, நிஜமான வியாபாரி மாதிரி உட்கார்ந்தாள். மற்ற வீடுகளில் மணப்பெண்ணின் அம்மாக்கள் வெட்கப்பட்டுக்கொண்டு ஊற்றுவார்கள், பாதி வெளியே போகும். நம் அம்மா கை ஒரு சொட்டு தவறவில்லை. பழக்க தோஷத்தில் முதல் ஆளிடம், “இங்கேயே குடிக்கிறீங்களா, பையில கட்டணுமா?” என்று கேட்டுவிட்டாள். கூட்டம் அடங்க நேரமாயிற்று. துமினா அக்கா வேறு, “விலை ரொம்ப ஜாஸ்தி, ஒரு சில்லுக்கு ரெண்டு கிண்ணம் குடு” என்று பேரம் பேசினாள். “உன் கசப்பு ஜாமுக்கு நீ குறைச்சியா?” என்றாள் அம்மா.

நான் குடை பிடித்தேன். முதலில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ‘தங்கச்சி உன்னைத் தாண்டிப் போயிட்டாளே’ என்று சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தவர்களும் பார்த்தார்கள். அப்புறம் கிண்ணம் கைக்கு வந்ததும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். இனிப்பு வாயில் இருக்கும்போது யாருக்கும் பேச வருவதில்லை. பெரியப்பா இரண்டு தடவை வரிசையில் வந்தார். இரண்டாம் தடவை என் பக்கம் வந்து, “கை வலிச்சா சொல்லு” என்றார். எனக்கு வலிக்கவில்லை.

விக்னியோவும் வந்தார். வாசலில் கொடுத்த ஓட்டாஞ்சில்லைக் கையில் வைத்திருந்தார். கிண்ணத்தை வாங்கி, நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தார். அப்புறம் சில்லை அம்மாவிடம் கொடுக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“என்ன தம்பி, காசு?” என்றாள் அம்மா.

“கைவசம் சில்லறை இல்லம்மா. அப்புறமா தரேன்.”

“பையில இருக்கிறது என்னவாம்?”

“அது வேற செலவுக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, “குடையை நேரா பிடிடி, வெயில் விழுது” என்றாள்.

இவ்வளவுதான் நடந்தது. நாளை சூரோ பிறக்கிறது. அடுப்பு வேலை காத்திருக்கிறது.

கப்பலில் காற்றில் நிற்காதே.

முர்வானி


சுமாத்ரா, தோட்டத்து வீடு
11 செப்டம்பர் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். மலை, பனி, கண்ணுக்கெட்டும்வரை தேயிலை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் இருவரின் சுகத்தை விவரமாக எழுது.

வீட்டில் இரண்டு தேநீர்ப் பானைகள். ஒன்று அவருக்கு வெறும் தேநீர், இன்னொன்று எனக்குச் சூடாக, கெட்டியாக, இனிப்பாக. நேற்று நான் பார்க்காதபோது என் பானையிலிருந்து ஒரு தம்ளர் குறைந்திருந்தது. கேட்டால், “சோதனைக்கு” என்கிறார்.

ஆயிரமாவது நாள் படையல் போன மாதம் முடிந்திருக்கும். உன் இஞ்சி நீரும் போயிருக்கும். அந்தச் சட்டைப் பைச் சில்லு என்ன ஆயிற்று? இந்த முறை கடைசிப் பத்தியில் எழுதாதே. முதல் பத்தியில் எழுது.

கினந்தி


சோலோ
3 அக்டோபர் 1988

அன்பான கினந்திக்கு,

முதல் பத்தியிலேயே எழுதச் சொன்னாய். முயற்சி செய்கிறேன், ஆனால் சுகம் விசாரிக்காமல் எனக்குக் கடிதம் தொடங்க வராது. நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் இந்த வாரம் வலிக்கவே இல்லை.

படையல் அமைதியாக நடந்தது. நல்ல இஞ்சி கிடைத்தது. விக்னியோ பாத்திரங்களைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார், அம்மாவுக்கு நன்றி சொன்னார், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு கடைக்கே வரவில்லை. எதிரே விளக்கு எரிவது தெரியும், ரேடியோக்கள் முனகுவது கேட்கும். ஆள் மட்டும் தெருவைத் தாண்டவில்லை. துமினா அக்கா, “தாண்டிப் போன வீடுன்னு யாராவது சொல்லியிருப்பாங்க” என்று எனக்குக் கேட்காத மாதிரி அம்மாவிடம் சொன்னாள். எனக்குக் கேட்டது. உன் கல்யாணத்தை நினைத்துப் பார்த்தேன். ஒரு நொடிகூட வருத்தமில்லை. அது உண்மை. இரவில் இஞ்சியைச் சுடும்போது மட்டும் கை கொஞ்சம் மெதுவாக ஓடியது. அதுவும் உண்மை.

சூரோ முடிந்தது. அப்போதும் வரவில்லை. போன வியாழக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தபோது, தெருவைத் தாண்டி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். தலைமுடி வெட்டியிருந்தார். நான் வழக்கம்போல இஞ்சி கூடுதலாக, சர்க்கரை குறைவாக வைத்துக் கொண்டுபோனேன். கிண்ணத்தைத் தொடாமல், சட்டைப் பையிலிருந்து அந்த ஓட்டாஞ்சில்லை எடுத்து மேஜைமேல் வைத்தார். தினமும் தொட்டுத் தொட்டு அதன் முனைகள் மழுங்கியிருந்தன.

“இது இங்க செல்லுமா?”

இந்த முறை கையை வாய் முந்திவிட்டது.

“கல்யாண வீட்டுலதான் செல்லும்.”

“தெரியும்” என்றார். “அதான் கேக்கிறேன்.”

பின்னால் அம்மா கரண்டியால் கலக்குவதை நிறுத்திவிட்டாள். பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் தங்கள் கிண்ணத்துக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்கள்.

நான் சில்லை எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டேன்.

அவர் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சூட்டோடு குடித்தார். நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

உன் அக்கா
முர்வானி